கதிரவன் வழியா, கழனி வழியா?

குடும்ப வரலாறு தொகுக்கப் புறப்படும் இளைஞரை நாம் வரவேற்கிறோம். எதற்காகத் தொகுக்கிறீர் என்றும் கேட்கிறோம்.

திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் மரபைக் கதிரவனிலிருந்து தொடங்குகிறது. மன்னனுக்குக் கதிரவன் பாட்டன்! அவனுக்கு நெல் விளைத்துக் கொடுத்த உழவனுக்கோ பாட்டன் பெயரே இல்லை!

உழைத்தோர் பெயர் ஏறிய ஏடொன்றைக் காட்டுகிறோம். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது 'ட்ரூரோ' கப்பல். அதில் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் யாவும் எண்ணிட்டு எழுதப்பட்டன. அன்பினாலா? ஆளைக் கணக்கு வைக்க! ஆயினும் அவர்தம் வழித்தோன்றல்கள் அத்தகைய பட்டியல்களைக் கொண்டே தம் வேரைத் தேடுகின்றனர்.

தோழர்களே! பாட்டியிடம் கேளுங்கள், பழைய பத்திரங்களைப் புரட்டுங்கள், பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். சான்றில்லாத பெருமையைத் தள்ளுங்கள். தந்தை வழியை மட்டும் வரைந்து, பெற்றவள் பெயரை மறைக்காதீர்கள்!

'ஆண்ட பரம்பரை' என்று மார்தட்டவா இம்முயற்சி? மறைக்கப்பட்டோரை மீட்கவே! உயர்வு தேடுவோனுக்கு அவ்வேடு சாதிச் சங்கிலி. உண்மை தேடுவோனுக்கு அதுவே வரலாறு!