பழுதா, குறையா?

சென்ற மாதம் என் மேஜைக்கு மொழிபெயர்ப்புக்காக ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் வெளியிடும் கார் தரவரிசை பற்றியது. புதுக் கார் வாங்கியவர்களிடம் முதல் 90 நாள் அனுபவத்தைக் கேட்டு, 100 கார்களுக்கு எத்தனை 'பிராப்ளம்' என்று எண்ணிப் பட்டியல் போடுகிறார்கள். எண் குறையக் குறைய மதிப்பு கூடும்.

முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். பிராப்ளத்துக்குத் தமிழில் என்ன எழுதுவது? பழுது என்றால் ஏதோ ஒன்று உடைந்திருக்க வேண்டும், தேய்ந்திருக்க வேண்டும். கோளாறு என்றால் ஓடிக்கொண்டே மக்கர் பண்ண வேண்டும். குறை என்பது வேறு ரகம். அதைச் சொல்ல ஓர் ஆள் தேவை. எதிர்பார்த்த அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் நடுவில் விழும் இடைவெளிக்குத்தான் குறை என்று பெயர். நேரமில்லை, அச்சுக்குப் போக வேண்டும். 'பழுது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதழ் வெளிவந்த வாரம் மயூர் விஹாரில் எங்கள் மாடி வீட்டுக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாகக் கார் வாங்கப்போகிறார். அடுத்த கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டியலில் சில பெயர்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். "ஸார், கீழே இருக்கிறதெல்லாம் நடுரோட்டில் நின்னுடும்னுதானே அர்த்தம்? அதான் அடிச்சுட்டேன்."

அந்த அர்த்தம் இல்லை. அவரை அப்படி நினைக்க வைத்தது என் ஒற்றைச் சொல்.

2003இல் இதே பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது ஹம்மர். 100 கார்களுக்கு 225 குறைகள். எல்லா நிறுவனங்களுக்குமான சராசரி 133தான். என்ன உடைந்தது என்று தேடிப் பார்த்தால், உரிமையாளர்கள் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது என்பது! கிட்டத்தட்ட மூன்று டன் இரும்பை வாங்கிவிட்டு அது சிக்கனமாக ஓடவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். வண்டி செய்ய வேண்டியதைத்தான் செய்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2006இல், உடைந்து போனவற்றையும் வடிவமைப்பு பிடிக்காமல் சொன்னவற்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் வாசகர் பார்ப்பது கூட்டுத்தொகையைத்தானே? 2010இல் ஐந்தாம் இடத்தில் இருந்த ஃபோர்டு, அடுத்த ஆண்டே 23ஆம் இடத்துக்குச் சரிந்தது. கியர் மாற்றம் பற்றியும் புகார் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பழி பொத்தான்களுக்குப் பதிலாக வைத்த தொடுதிரைக்குத்தான். அந்தத் திரையால் வண்டி வழியில் நின்றுவிடவில்லை; வாங்கியவர்களின் பொறுமைதான் போயிற்று.

எங்கள் மாமா ஒருவர் கும்பகோணத்தில் கார் வைத்திருந்தார். கனத்த வண்டி, பெயர் வேண்டாம். டிக்கியில் எப்போதும் ஒரு ஸ்பானர் பெட்டி, தண்ணீர் டின், உபரியாக ஒரு ஃபேன் பெல்ட் இருக்கும். மூன்றும் அடிக்கடி வேலைக்கு வரும். திருச்சிக்குப் போனால் இரண்டு இடத்திலாவது நாங்கள் இறங்கிப் புளியமர நிழலில் நிற்போம். "இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட என்னைக் கைவிட்டதில்லை" என்பார் மாமா, கையில் கிரீஸோடு. அவர் பொய் சொல்லவில்லை. கார் என்றால் அப்படித்தான் என்று அவருக்குப் பட்டிருந்தது. அந்தக் கேள்வித்தாள் அவரிடம் வந்திருந்தால் பூஜ்யம் என்றுதான் நிரப்பியிருப்பார்.

இதற்கு நேர் எதிர்த் துருவமும் உண்டு. 1989இல் லெக்ஸஸ் தன் முதல் காரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே ஏறக்குறைய 8,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. புது நிறுவனத்துக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? அவர்களோ வீடு தேடிப் போய் வண்டியை எடுத்து வந்து, சரி செய்து, கழுவி, டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பழுது இருந்தது. குறை இல்லாமல் போயிற்று. நல்ல பெயர் அதற்குப் பிறகுதான் ஏறியது.

1936 முதல் வெளிவரும் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேட்கும். செலவு, பாதுகாப்பு, வண்டி முடங்கிய நாட்கள் ஆகியவற்றை வைத்து நீங்கள் கடுமையானதாகக் கருதிய பிரச்னைகளை மட்டும் சொல்லுங்கள் என்பார்கள். 'நீங்கள் கருதிய' என்ற இடத்தில் மறுபடியும் மனிதர் உள்ளே வந்துவிடுகிறார். நல்ல பெயர் எடுத்த வண்டி முனகினால் நம் காதைச் சந்தேகிப்போம். கெட்ட பெயர் எடுத்தது முனகினால் "அப்பவே சொன்னேனே" என்போம். கலிஃபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய ஒரே தொழிற்சாலையிலிருந்து கரோலாவும் பிரிஸமும் இரட்டைப் பிள்ளைகளாக வந்தன. பழைய கார் சந்தையில் பிரிஸத்துக்கு விலை குறைவு. நம் ஊரிலும் 2019 முதல் பலேனோவும் கிளான்சாவும் குஜராத்தில் ஒரே கூரையின் கீழிருந்து வருகின்றன. எது 'நம்பகமானது' என்று இரு வீட்டுக்காரர்களும் சண்டை போடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

எதிர்பார்ப்பை வளர்ப்பதில் விற்பவருக்கும் பங்கு உண்டு. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது இந்தியாவின் தேசியக் கேள்வி. மாருதி அதையே இந்தி விளம்பரமாக்கியது. பல ஆண்டுகளாக நம் கார்களுக்குச் சான்றளிக்கப்பட்ட அந்த எண், ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல், ஏசியை அணைத்துவிட்டு எடுத்தது. ஜூன் மாத தில்லியில் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுபவர் யார்? மூன்றாம் மாதம் 'மைலேஜ் இல்லை' என்று ஒரு குறை எழுதப்படும். பட்டியலில் அது எஞ்சின் கோளாறுக்குப் பக்கத்தில் உட்காரும்.

பழுதை மட்டும் எண்ண வழியில்லாமல் இல்லை. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. என்ற மோட்டார் சங்கம், வழியில் நின்ற வண்டிகளுக்குத் தன் மஞ்சள் ஊர்திகள் எத்தனை முறை ஓடின என்று கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. யாருடைய மனக்குறையும் அதில் இல்லை. ஆனாலும் பெரும்பங்கு பாட்டரி செத்துப்போனதுதான்; வாரக்கணக்கில் வண்டியை எடுக்காத சோம்பேறியின் பெயரும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஜே.டி. பவரும் 2024இல் பணிமனைப் பதிவுகளைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இங்கே அப்படி யார் எண்ணிச் சொல்கிறார்கள்?

இதையெல்லாம் மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை டாக்சி ஸ்டாண்டில் டிரைவர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றால் அவர்களுக்கு அன்றைய வருமானம் போச்சு. கதவு கிறீச்சிடுவதையும் திரை மெதுவாக வருவதையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மாலையில் மறுபடியும் இறங்கி வந்தார். "மூணு பேர் ஒரே வண்டியைச் சொல்றாங்க ஸார். ஆனா உங்க பட்டியலில் அது இல்லவே இல்லையே?"

அது அமெரிக்காவில் விற்காத கார் என்றேன். 'பழுது' வரும் இடங்களில் 'குறை' என்று படிக்கவும் என ஒரு திருத்தம் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் போடுவார்கள்.