கல்லூரிக்குப் போனா மன்றத்திலும் சேரணும்!



"காலேஜுக்குப் போனமா, படிச்சமா, வீட்டுக்கு வந்தமான்னு இருக்கணும். மன்றம் கின்றம்னு எதுலயும் சேரக்கூடாது." கல்லூரிக்குப் போகும் அக்காமாருக்கு நம்ம ஊரில் சொல்லும் புத்திமதி இது. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இது சரியில்லை என்பது என் கருத்து.

கல்லூரியில் முதல் வாரம் எல்லாம் தெரியாத முகம். அதனால் ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே தெரு என்று சேர்ந்து உட்கார்ந்து கொள்வார்கள். அப்படியே மூணு வருசமும் போய்விட்டால், பேரையூரை விட்டு மதுரைக்குப் போய் என்ன பிரயோசனம்?

இதை மாற்றுவது மன்றங்கள்தான். நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் என்.எஸ்.எஸ். என்போமே, அதுதான். காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இது தொடங்கியது. இதில் சேர்ந்தவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்யணும். ஒரு கிராமத்தில் 7 நாள் முகாமும் உண்டு. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டும்போது, "நீ எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டு நின்றால் வேலை நடக்காது. ஒரே அண்டாச் சோறு, ஒரே பந்தி. சேர்ந்து மண் சுமந்தவர்கள் சீக்கிரம் பிரிய மாட்டார்கள்.

"பொம்பளப் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்பார்கள். வேணும். ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் கூடவே நடந்து வராது. தனியாக நிற்கிற பிள்ளையைத்தான் மிரட்டுவார்கள். மன்றத்தில் பழகிய நாலு அக்காமார் பக்கத்தில் இருந்தால் அதுவே பாதுகாப்பு.

"படிப்பு கெடும்" என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதனால் அஞ்சு மன்றம் வேண்டாம், ஒன்று போதும். தமிழ் மன்ற மேடையில் நடுங்காமல் பேசிப் பழகினவள் வேலைக்கான நேர்காணலிலும் நடுங்க மாட்டாள்.

கல்லூரிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாயங்காலம் கூட்டம் வைத்தால், திருமங்கலம், டி.கல்லுப்பட்டி தாண்டி பஸ்ஸில் வருகிற பிள்ளை எப்படி இருக்க முடியும்? மதிய இடைவேளையில் வையுங்கள். மன்றம் என்பது விடுதிப் பிள்ளைகளுக்கும் டவுன் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த அக்காமாருக்கு மாதம் 1000 ரூபாய் என்று கல்லூரி வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே போய் நட்பைத் தேடிக்கொள்வது நம்ம கையில்தான் இருக்கிறது.

தோழிகளே! அதுக்கு இன்னும் மூணு வருசம் இருக்கே என்று இருக்காதீர்கள். நம்ம பள்ளி இலக்கிய மன்றத்தில் இந்த வாரமே பேர் கொடுங்கள். வேற தெருப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி