ஏழைக் கலவை

மாருதி 800-க்கு டர்போ போட்டுத் தருகிறோம் என்று கிட் விற்பவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வயசான காலத்தில் இவருக்கு ஏன் இந்த வம்பு என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு 800-உம் இந்நேரம் பேரன் கைக்குப் போயிருக்கும்.

என் தங்கை பேரன் ஒரு விலைப்பட்டியல் காட்டினான். டர்பைன், வளைந்த குழாய்கள், சிலிக்கான் ஹோஸ், புஸ்ஸென்று சீறும் ஒரு வால்வு, ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர். "எல்லாம் ஒரே பெட்டியில வருது தாத்தா" என்றான். காலமெல்லாம் பில் சரிபார்த்த கண் எனக்கு. எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதைத்தான் முதலில் தேடும். பெட்ரோலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

டர்போ செய்வது ஒரே வேலை, எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது. அரை பார் அழுத்தம் கூடினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று. பெட்ரோலும் அதே அளவு ஏற வேண்டும், அதற்கு மேலும் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. டர்போ முழு மூச்சில் ஊதும்போது 12 கிலோவுக்கே ஒரு கிலோ கொடுப்பார்கள். மிகுதிப் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும். பெட்ரோல் குறைந்த கலவையைப் பிரெஞ்சில் 'மெலான்ழ் போவ்ர்' என்பார்கள், ஏழைக் கலவை. லிசேயில் படித்த எங்களுக்கு அந்தச் சொல்தான் பழக்கம். இந்த ஏழையின் வயிற்றெரிச்சல் பொல்லாதது. எஞ்சின் தட்டும், ரிங் பள்ளம் உடையும், கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை.

"பெட்ரோல் பிரஷரை ஏத்திட்டா சரியாயிடும் சார்" என்றார் விற்பவர். கணக்குப் போடுவோம். இன்ஜெக்டரில் வரும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒன்றரைப் பங்கு வேண்டுமானால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு ஆக வேண்டும். 3 பார் இருக்கும் இடத்தில் 6.75 பார். பழைய பம்ப் அங்கே மூச்சுத் திணறிக் கொடுப்பதையும் குறைத்துவிடும். இது பத்தாம் வகுப்புக் கணக்கு. விற்கிறவருக்குத் தெரியாதா என்ன?

800-க்கு டர்போ ஆகாது என்று நான் சொல்லவில்லை. அதன் ஜப்பானியப் பங்காளி சுஸுகி ஆல்ட்டோ வொர்க்ஸ் 1987-இலேயே வந்தது. 543 சிசி, 64 குதிரைத்திறன். நம்முடையது 796 சிசி-யில் 37 தான். ஆனால் சுஸுகி அதற்கு இரட்டை கேம் ஹெட், இன்ஜெக்ஷன், இன்டர்கூலர் எல்லாம் கொடுத்தது. ரெனோ 5 என்ற சிக்கனக் காரை 1980-இல் 160 குதிரைத்திறன் டர்போ ஆக்கியபோது அழுத்த விகிதத்தை 7-க்கு இறக்கினார்கள். (எஞ்சினையே பின்சீட் இருந்த இடத்துக்கு மாற்றினார்கள், அது வேறு கதை.)

ஆகவே காசு இருந்தால் முதல் செலவு பெரிய இன்ஜெக்டரும் பம்பும். அப்புறம் மாற்றி எழுதக்கூடிய கம்ப்யூட்டர். பழைய கம்ப்யூட்டருக்கு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் உண்டென்றே தெரியாது. பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளவும் தெரியாது. பிறகு வைட்பேண்ட் மீட்டர். வண்டியோடு வரும் பழைய ஆக்சிஜன் சென்சார் 14.7-ஐ ஒட்டித்தான் சரியாகச் சொல்லும். 12-க்கும் 13-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சீறும் வால்வு எல்லாம் கடைசியில். இப்போது பங்க்கில் வருவது இருபது சதம் எத்தனால். கலப்பில்லாத பெட்ரோலுக்குப் போட்ட கணக்கை அப்படியே விட்டால் இன்னொரு 8 சதவீதம் ஏழையாகும். இதைச் சொல்லும் கிட்காரர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

சட்டத்தையும் வாய் திறப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் போனெட்டைத் திறந்து பார்ப்பார். அப்போது விற்றவர் வந்து நிற்க மாட்டார், கடன் கொடுத்த தாத்தாதான் நிற்க வேண்டும்.