கணுக்காலுக்குக் கீழே

தமிழ்நாட்டில் மேட்சிங் கணுக்காலோடு நின்றுவிடுகிறது. செங்கல்பட்டில் ஏதாவது ஒரு மேட்சிங் சென்டருக்குள் நுழைந்து பாருங்கள். ஆனந்தா ப்ளூ வேறு, ராமர் பச்சை வேறு, மயில்கழுத்து வேறு என்று பிரித்துச் சொல்கிற கண் நம் பெண்களுக்கு. ட்யூப்லைட்டை நம்பாமல் முந்தானையை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், ஜாக்கெட் துணியோடு ஒட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். வளையல், பொட்டு, ஹேர் கிளிப் எல்லாம் அதே கலரில். கடைசியில் வாசலுக்கு வந்து எதை மாட்டிக்கொள்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் அதே கறுப்புச் செருப்பு!

ஆண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கறுப்பு, இல்லாவிட்டால் பிரவுன்.

டர்க்காய்ஸ் என்று ஒரு நிறம். வெயில் நாளில் மாமல்லபுரம் கடல் காட்டுமே, நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒன்று, அதுதான். அந்த நிறத்தில் ஷூ போட்டுக்கொண்டு ஒரு பெண் பரனூர் ஸ்டேஷனில் இறங்கி வேலைக்குப் போகட்டும். ‘என்னம்மா, ஷூட்டிங்கா?’ என்று ஒருத்தராவது கேட்காமல் விடமாட்டார். ஒத்தவாடைத் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் கசங்கின வேட்டிக்கு அதே ஷூவைப் போட்டு நடந்தால் மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

‘அதை எதோடு சார் போடறது?’ என்கிறார்கள். வெள்ளை காட்டன் சுடிதாரோடு போடுங்கள். கடுகு மஞ்சள், அரக்கு, சாம்பல் எதற்கும் எடுப்பாக இருக்கும். ஜீன்ஸுக்குக் கேட்கவே வேண்டாம். தலையிலிருந்து கால்வரை அதே நிறம் வேண்டாம், யூனிஃபார்ம் மாதிரி ஆகிவிடும். துப்பட்டா ஓரத்தில் ஒரு கோடு இருந்தால் போதும்.

பி.காம் படித்தவனாக ஒரு கணக்கும் சொல்கிறேன். 1,200 ரூபாய் ஷூவை வருஷத்தில் 300 நாள் போட்டால் ஒரு நாளைக்கு 4 ரூபாய். 12,000 ரூபாய் பட்டுப்புடவையை மூன்று கல்யாணத்துக்குக் கட்டினால், ஒரு தடவைக்கு 4,000 ரூபாய். இதில் எது ஊதாரித்தனம்?

நிஜமான சிக்கல் நிறத்தில் இல்லை. கால் கீழானது, காலில் போடுவது அதைவிடக் கீழானது, அது கண்ணில் படக்கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ராமனுடைய பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்துக் கும்பிட்ட கதையைச் சொல்லி உருகுகிற அதே ஊர்தான், சில மனிதர்களைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டச் சொன்னது.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். பட்டியலின மக்கள் பொது இடத்தில் செருப்புப் போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் திருத்தம் செய்து தனியாக எழுத வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. அதற்குப் பிறகும், திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் பட்டியலின மக்கள் சுமார் 60 பேர் செருப்போடு ஒரு தெருவில் நடந்தது 2023 டிசம்பரில் செய்தியானது. நடந்ததே செய்தி என்றால், அதுவரை என்ன நடந்தது என்று யோசியுங்கள்.

பரனூர் பெண்ணுக்குக் கிடைப்பது கேலி. ராஜாவூர் மனிதருக்குக் கிடைத்தது கொடுமை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் ‘உன் காலில் என்ன இருக்கவேண்டும் என்று நான் சொல்வேன்’ என்கிற திமிர் ஒன்றேதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நம் பெண்கள் வெளிநாட்டுக்காரர்களுக்கு விதவிதமாக ஷூ தைத்து அனுப்புகிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடத்தில் வாரம் முழுக்கக் கறுப்பு, பி.டி. பீரியட் அன்றைக்கு வெள்ளை.

அடுத்த தடவை செருப்புக்கடைக்காரர் கேட்காமலே கறுப்புப் பெட்டியை இறக்குவார். இறக்கட்டும். ‘கலர்ல காட்டுங்கண்ணே’ என்று சொல்லுங்கள். தெருவில் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். கால் உங்களுடையது.