பேஸ் கிட்டாரும் ஒரு விரலும்: பிக் எடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை

1/
பங்குனி மாதக் கடைசி. ஓ.பி. முடியப்போகிற நேரம். ஐம்பதை நெருங்கும் ஒரு அண்ணன் வந்து உட்கார்ந்தார். வலது ஆள்காட்டி விரலில் எலுமிச்சம்பழம் சொருகியிருந்தது.

"நகச்சுத்தி மாதிரி இருக்கு டாக்டரம்மா. ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா போதும். ராத்திரி மேலூர் பக்கம் கச்சேரி."

(அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
பழத்தைக் கழற்றிப் பார்த்தால் நகச்சுத்தி இல்லை. விரல் நுனிச் சதை முழுக்கச் சீழ். சிவப்பு உள்ளங்கை வரை இறங்கியிருந்தது. அந்த விரலைத் தொட்டாலே ஆள் துள்ளிக் குதிக்கணும். இவர் "லேசா கடுக்குது, அவ்வளவுதான்" என்கிறார்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுகர் பார்த்தோம். 380.

3/
அண்ணன் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். பங்குனிப் பொங்கல் சீசனில் எட்டு நாள் தொடர்ந்து கச்சேரி. ஒவ்வொரு ராத்திரியும் நாலு மணி நேரம். மூணாவது நாளே விரலில் கொப்புளம். நாலாவது நாள் உடைந்திருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மிச்ச நாளையும் வாசித்திருக்கிறார்.

"ஏண்ணே, பிக் வச்சு வாசிக்க வேண்டியதுதானே?"

"பேஸ்னா விரல்ல வாசிக்கணும் டாக்டரம்மா. பிக் எடுத்தா கூட வாசிக்கிற பசங்க சிரிப்பாங்க. வாத்தியார் அப்பவே சொல்லிட்டாரு, பிக்கு வச்சு பேஸ் வாசிக்கிறவன் பேஸ் பிளேயரே இல்லேன்னு."

இந்த த்ரெட் அந்தப் பதிலுக்காகத்தான்.

4/
முதலில் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கிட்டாரின் மெல்லிய கம்பி 0.25 மி.மீ. தடிமன் இருக்கும். பேஸின் தடித்த கம்பி 2.6 மி.மீ.க்கு மேல். பத்து மடங்கு. அதை ஒரே விரல் ராத்திரி முழுக்க இழுத்தால் தோலின் அடுக்குகள் உரசிப் பிரிந்து, நடுவில் நீர் கோர்க்கும். அதுதான் கொப்புளம். உடைந்தால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி.

5/
சுகர் இல்லாதவருக்கு இது நாலு நாளில் ஆறிவிடும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இரண்டு சிக்கல். ஒன்று, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். இரண்டு, நரம்பு மரத்துப்போய் வலி தெரியாது. 'வலியே இல்லையே' என்று நாம் விட்டுவிடுவோம்.

வலி ஒரு காவல்காரன். அவன் தூங்கும்போதுதான் திருட்டு நடக்கும்.

6/
விரல் நுனிச் சதை சாதாரண சதை இல்லை. தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளாக இருக்கும். உள்ளே சீழ் கட்டினால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை அடைக்கும். எலும்பு வரைக்கும் போகும்.

எலுமிச்சம்பழம் சீழை உறிஞ்சாது. புண்ணை மூடி, ஈரமாக வைத்து, டாக்டரிடம் வருவதை இரண்டு நாள் தள்ளிப்போடும். சுகர் உள்ளவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

7/
அன்றைக்கே சர்ஜரிக்கு அனுப்பினோம். கீறிச் சீழை எடுத்தார்கள். ஆன்டிபயாடிக், இன்சுலின், தினமும் டிரெஸ்ஸிங். விரல் தப்பியது. இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவரே கேட்கவும் இல்லை.

இப்போது வாத்தியார் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருவோம்.

8/
'பேஸ்னா விரல்தான்' என்பது உண்மையா? இல்லை.

ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. இன்று நாம் மேடையில் பார்க்கும் எலெக்ட்ரிக் பேஸின் வடிவம் அதிலிருந்து வந்ததுதான். அதை விரலிலும் வாசித்தார்கள், பிக்கிலும் வாசித்தார்கள். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி பெரும்பாலும் பிக். லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டுடியோக்களில் 1960-களில் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த கரோல் கே என்ற பெண்மணி பிக்.

மோடவுன் கம்பெனியின் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே ஒரு விரல். வலது ஆள்காட்டி விரல்! நம்ம அண்ணனின் அதே விரல்.

மூன்று பேரும் மேதைகள்தான். எதில் வாசித்தார்கள் என்று பார்த்து யாரும் மார்க் குறைக்கவில்லை.

9/
அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீணையைப் பாருங்கள். நகத்தால் மீட்டுகிறவர்களும் உண்டு, விரலில் கம்பி மாட்டிக்கொண்டு மீட்டுகிறவர்களும் உண்டு. 2014-ல் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் பிக்கோடுதான் கர்நாடக சங்கீதம் வாசித்தார். 'கையில பிளாஸ்டிக் துண்டு வச்சிருக்கார், இது சங்கீதமே இல்லை' என்று எந்த சபாவும் எழுந்து போகவில்லை.

10/
பண்ணைப்புரம் அந்தக் காலத்தில் மதுரை மாவட்டம். அங்கிருந்து போன இளையராஜாதான் பேஸுக்குத் தனியாக ஒரு மெட்டு பாடலாம் என்று நம் காதுக்குப் பழக்கினார். அவருடைய எத்தனையோ பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை நாம் டீக்கடை ரேடியோவில் கேட்டு வளர்ந்தோம். கேட்கும்போது யாராவது 'அது விரலா, பிக்கா' என்று விசாரித்தோமா?

கேட்கிறவருக்குச் சத்தம்தான் முக்கியம். விரலா பிக்கா என்பது மேடைக்குப் பின்னால் நடக்கும் பேச்சு.

11/
சரி, பிக் வாங்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள். கடையில் ஒரு டப்பா நிறைய கலர் கலராக இருக்கும். 'எது நல்ல பிக்?' என்று கேட்காதீர்கள். 'என் கம்பிக்கும் என் கைக்கும் எது சரி?' என்று கேளுங்கள். பார்க்க வேண்டியது நாலு விஷயம்: தடிமன், அளவு, வழுக்குமா வழுக்காதா, முனை.

12/
தடிமன்.

0.60 மி.மீ.க்குக் கீழே: மெல்லிசு. வளையும். கார்டு வாசிக்க (ஸ்ட்ரம்மிங்), புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு.
0.60 முதல் 0.80: நடுத்தரம். எதற்கும் ஓடும்.
0.88 முதல் 1.2: ஒற்றைக் கம்பியில் மெட்டு வாசிக்க.
பேஸுக்கு: 1 மி.மீ.யில் ஆரம்பியுங்கள். மெல்லிசு பிக்கை வைத்து பேஸ் கம்பியைத் தட்டினால் கம்பி அசையாது, பிக்தான் வளையும். 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பல பேர் 'பிக் வச்சா நல்லா இல்லை' என்கிறார்கள். தப்பு பிக் மேல் இல்லை, தடிமன் மேல்.

13/
டன்லப் டார்டெக்ஸ் வாங்கினால் கலரை வைத்தே தடிமன் தெரியும். சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. வேறு கம்பெனிக்குக் கலர் கணக்கு வேறு. அதனால் மேலே அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்கணுமா? காலாவதியான ஏ.டி.எம். கார்டை முக்கோணமாக வெட்டி ஓரத்தை உப்புத்தாளில் தேயுங்கள். தடிமன் 0.76 மி.மீ. மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் என் முதல் பிக் அதுதான். கிட்டாருக்கு ஓகே. பேஸுக்குப் பத்தாது.

14/
அளவும் பிடிமானமும். இங்கேதான் டாக்டராக எனக்கு வேலை.

பிக்கைப் பிடிக்கும் பிடி, திண்டுக்கல் பூட்டில் சாவி திருகும் பிடிதான். கட்டைவிரல் நுனியில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம், கட்டைவிரலின் அடி மூட்டில் பல மடங்காகப் போய் இறங்கும். பிக் சின்னதாக இருந்தால், வழுக்கினால், அறியாமலே இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். நாலு மணி நேரம் அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு வலி எங்கிருந்து வருது என்று கேட்க வேண்டியதில்லை.

15/
நம்ம ஊர் சித்திரை வெயில், மேடையில் ஃபோகஸ் லைட். கை வியர்க்காமல் இருக்காது. பளபளப்பான செல்லுலாய்டு பிக் வியர்வையில் வழுக்கும். சொரசொரப்பான மேல்பக்கம் உள்ள நைலான் பிக், பளபளப்பு இல்லாத டார்டெக்ஸ் மாதிரி பிக், நடுவில் ஓட்டை போட்ட பிக் இதெல்லாம் கையில் நிற்கும்.

பேஸுக்குப் பெரிய முக்கோண பிக் கேளுங்கள். பிடிக்க இடம் அதிகம். மூன்று முனை இருப்பதால் ஒன்று தேய்ந்தால் திருப்பிக்கொள்ளலாம்.

16/
முனை. கூர் முனை என்றால் சத்தம் பளிச். மழுங்கல் முனை என்றால் சத்தம் உருண்டையாக, விரல் மாதிரி. இன்னும் மென்மை வேண்டுமா? ஃபெல்ட் துணியில் செய்த பிக்கும் உண்டு. இல்லையென்றால் உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் கம்பி மேல் லேசாக வைத்து பிக்கால் வாசித்துப் பாருங்கள். 'தும் தும்' என்று அமுங்கி வரும். கண்ணை மூடிக் கேட்டால் விரலோ என்று தோன்றும்.

17/
ஒரு எச்சரிக்கை. 'ஒரிஜினல் ஆமை ஓடு பிக், அதுதான் பெஸ்ட்' என்று யாராவது ஆசை காட்டினால் வாங்காதீர்கள். முன்பு அழுங்காமை ஓட்டில் பிக் செய்தார்கள். நமக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் வாழும் அதே ஆமை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1-ல் இருக்கிறது. வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம். ஆமை ஓடு டிசைன் போட்ட பிளாஸ்டிக் பிக்கில் பிரச்சினை இல்லை.

18/
எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

கட்டைவிரலை உள்ளே மடக்கி, முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்றால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மதமதன்னு மரத்துப் போய், ராத்திரி தூக்கத்தில் கையை உதறி எழுந்தால் நரம்பு அழுந்துகிறது. வலியே இல்லாமல் வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கினால், அதுவும் ஒரு நரம்புக் கோளாறுதான், பயிற்சிக் குறைவு இல்லை.

மூன்றுக்குமே 'இன்னும் பிராக்டீஸ் பண்ணு' மருந்து இல்லை.

19/
சுகர் உள்ள இசைக் கலைஞர்களுக்குத் தனியாக:

கச்சேரி முடிந்ததும் காலைப் பார்ப்பது போல இரண்டு கை விரல்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், அந்த விரலில் வாசிக்காதீர்கள். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், சீழ் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இடது கையில் கம்பியை அழுத்தும் விரல்களுக்கு பிக் உதவாது. அதனால் அதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் டெஸ்ட் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். 'கச்சேரி, அலைச்சல், நேரமில்லை' என்பது இனிமேல் காரணம் ஆகாது.

20/
'அப்ப விரல்ல வாசிக்கவே கூடாதா?' என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும்.

தாராளமாக வாசியுங்கள். விரலில் வரும் அந்தச் சதைப்பிடிப்பான சத்தம் தனி அழகு. கம்பியை அடக்குவதும் விரலில் சுலபம். தோல் நன்றாக இருந்து, உணர்வு சரியாக இருந்தால் விரல் அருமையான கருவி. நான் சொல்வது ஒன்றுதான்: விரல், பிக் இரண்டையும் பழகி வைத்திருங்கள். ஒன்றுக்கு அடிபட்டால் மற்றது சோறு போடும்.

வாத்தியார்களிடமும் ஒரு வேண்டுகோள். பதினைந்து வயதில் நீங்கள் சொன்ன ஒரு வரியை ஒருத்தர் ஐம்பது வயதில், சீழ் வடியும் விரலோடு காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பார்த்துச் சொல்லுங்கள்.

21/
ஆடி மாதம் அண்ணன் மாத்திரை வாங்க வந்தார். விரல் நுனி கொஞ்சம் சப்பை. தழும்பு இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து ஊதா பிக் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"சத்தம் எப்படிண்ணே இருக்கு?"

"டிரம்ஸ் பையன் 'அண்ணே, இன்னிக்கு பேஸ் தெளிவா கேக்குது'ன்னான் டாக்டரம்மா. நான் பிக்குல வாசிச்சதையே அவன் கவனிக்கல."

வெறும் வயிற்றில் சுகர் 128. எனக்கு அன்றைக்கு அதுதான் நல்ல பாட்டு.

22/
உங்கள் ஊர் திருவிழா மேடையில், பாடுகிறவருக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் ஒருத்தர் நின்று பேஸ் வாசித்துக்கொண்டிருப்பார். அவரைத் தெரிந்தால் இந்த த்ரெட்டை அனுப்புங்கள். கூடவே ஒரு பிக்கும் வாங்கிக் கொடுங்கள். டீ, வடை செலவுதான் ஆகும். விரலுக்கு விலை அப்படி இல்லை.

ஒரு அரசு மருத்துவர்,
மதுரை.