பாம்பச்சம் தீரும் வழி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். படைக்கே அந்நிலையென்றால், வெறுங்காலுடன் வயலில் இறங்கும் தம்பலகாமத்துக் கமக்காரரும், கொட்டியாரக் குடாவில் வெறுங்கையால் வலை பிரிக்கும் மீனவரும் அஞ்சுவதில் வியப்பென்ன? 2006 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் மீண்டபோது, பற்றை மண்டிய காணிகளையே துப்புரவு செய்யவேண்டியிருந்தது. ஆளில்லாத வளவு அரவத்தின் வளவாகுமன்றோ!

இவ்வச்சத்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. அஞ்சத்தக்கது எது, தகாதது எது எனத் தெளிதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

எதிரியின் கட்சியையும் கேட்ட பின்னரே தீர்ப்பளித்தல் நீதிமன்ற மரபு. பாம்பின் கட்சி யாது? இந்நாட்டுப் பாம்புகளுள் மனிதரைக் கொல்லவல்லவை மிகச் சிலவே. நெல்லைத் தின்னும் எலியைத் தின்பது சாரை. அதனைக் கண்டவிடத்து அடித்துக் கொல்கிறோம். பின்னர் எலிக்கு நஞ்சு வாங்கக் கடைக்கு ஓடுகிறோம். நாகதம்பிரான் கோயிலிற் பொங்கலிட்ட கையே வேலியோரத்திற் பொல்லெடுக்கிறது!

2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடாத்தப்பெற்ற ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் கடிபடுகின்றனர், 30,000 பேருக்கு நஞ்சேறுகிறது, 400 பேர் மடிகின்றனர் என மதிப்பிட்டது. இவ்வெண்களை ஊன்றி நோக்குக. கடிபட்டோருள் பாதிக்கு மேற்பட்டோருக்கு நஞ்சே ஏறவில்லை. மந்திரித்தும் பார்வை பார்த்தும் பலர் பிழைத்த மருமம் இதுவே. நஞ்சேறியோருக்கோ, மந்திரம் பொன்னான நேரத்தைப் போக்குவது தவிர வேறொன்றும் செய்யாது.

கட்டுவிரியன் இரவில் வீட்டினுள் நுழைந்து, நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றா. விடியுமுன் கண்ணிமை சோரும், மூச்சுத் தடைப்படும். கட்டிலும், ஓரம் செருகிய நுளம்பு வலையும் இதற்குக் காவலாம். வயலில் வதியும் கண்ணாடிப் புடையனின் நஞ்சு குருதியை உறையாமற் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கண்ணாடிக் குழாயிற் சிறிது குருதியை 20 நிமிடம் அசையாது வைத்து, அது உறையாவிடின் நஞ்சேறியதை வைத்தியர் அறிகின்றனர். ஆதலின் பாம்பைத் துரத்தி மறுகடி வாங்கவேண்டுவதில்லை. கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையவிடாது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராக ஆக்கப்பட்டது. கடற்பாம்பின் நஞ்சுக்கு அது உதவாது. அந்நிலையில் மூச்சையும் சிறுநீரகத்தையும் பேணும் சிகிச்சையே துணை. இவ்வுண்மையை நம் மீனவர் அறிந்திருத்தல் அவசியம்.

எனினும், மக்கள் அறிவு பெற்றால் மட்டும் போதுமா? கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஆம் ஆண்டிலேயே. அதற்குமுன் திருகோணமலைக்கு நோயாளியைக் கொண்டுவருவோர் துறையிற் ‘பாதை’ வரும்வரை காத்துநின்றனர். ஆயிரம் மந்திரம் சாதியாததை அப்பாலம் ஒன்று சாதித்தது. ஆகவே பாம்பச்சம் தனிமனிதரின் நெஞ்சுரம் பற்றியது மட்டுமன்று. ஆட்சியின் கடமை பற்றியதும் ஆகும். பாம்புக்கடி மரணங்களையும் அதனால் வரும் ஊனங்களையும் 2030 ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பதென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலக்கு வகுத்தது. அவ்விலக்கு மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் நிறைவேறாது ஜெனீவாவில் நிறைவேறுமா?

கமக்காரர் அமைப்புக்களையும் மீனவர் சங்கங்களையும் நாம் வேண்டுவது இதுவே: அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். நஞ்சுமுறி மருந்தும், அதனைச் செலுத்தவல்ல வைத்தியரும், நோயாளர் வண்டியும் இரவு பகலாக உளவா என உங்கள் வைத்தியசாலையை எழுத்தில் வினவுங்கள். ஊர்த்தெருவுக்கு விளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்கு விண்ணப்பியுங்கள். வயலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் காலிற் சப்பாத்தும் கையில் விளக்குமாகச் செல்லட்டும். சாரையை வாழவிடுங்கள்.