வீட்டைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது?

பள்ளி திறந்த முதல் நாள், ஆசிரியர் அறைக்குள் கால் வைத்ததுமே கேள்வி வந்துவிட்டது. "என்ன டீச்சர், வீட்டு வண்டி எடுத்துக்கிட்டுப் பினாங்குக்குப் போனீங்களாமே! ராஜா மாதிரி சுத்திப் பார்த்திருப்பீங்களே!"

ராஜா போனால் வழி விடுவார்கள். எங்களுக்கு நிற்கவே இடம் கிடைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இம்மாதம் எழுதுகிறேன். அடுத்த விடுமுறைக்கு இதே எண்ணத்தோடு பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் வாசகர்களிடையே நிச்சயம் இருக்கும்.

வீட்டு வண்டி என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வேனின் பின்பகுதியில் படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மூலையில் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய கழிவறை, எல்லாம் வைத்துக் கட்டியிருப்பார்கள். கேரவன் என்றும் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் இப்போது நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. நாங்கள் எடுத்தது சொகுசுக்காக அல்ல; அந்தக் கழிவறைக்காக. என் அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை நோய், இரண்டு முழங்காலிலும் வலி. அரைமணிக்கு ஒரு தரம் போயாக வேண்டும். பொதுக் கழிவறைகளின் ஈரத்தரையில் குந்தி எழ அவரால் முடியாது. அதனாலேயே ஏழெட்டு ஆண்டுகளாகத் தோட்டத்தை விட்டுத் தூரமாக எங்கும் வருவதில்லை.

ஆனால் பினாங்கில் அவருக்கு ஒரு வேலை இருந்தது.

என் பாட்டியும் தாத்தாவும் 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர்கள். கையில் எட்டு மாத ஆண் குழந்தை. அந்தக் காலத்தில் மேல்தளத்தில் வந்த கூலி ஜனங்களைப் பினாங்கில் நேராக இறக்கிவிட மாட்டார்கள். அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்திலுள்ள ஜெரெஜாக் தீவில் தடுத்து வைப்பார்கள். பாட்டி அதைக் 'கொரண்டீன்' என்பாராம். அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டது. தீவிலேயே எங்கோ புதைத்தார்கள். தாயைப் பார்க்க விடவில்லை. பிறகு அக்கரைக்குக் கொண்டுபோய் ரயிலேற்றிச் சிலாங்கூருக்கு அனுப்ப, மறுவாரமே இருவரும் பால்வெட்டில் இறங்கிவிட்டார்கள். அம்மா பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. பாட்டி சாகும்வரை பினாங்குப் பக்கம் திரும்பவே இல்லை. தீவும் பின்னாளில், 1969 முதல் 1993 வரை, கைதிகளை வைக்கும் இடமாக இருந்தது. "எங்கண்ணன் கிடக்கிற இடத்தை ஒரு தரம் கண்ணால பார்த்துட்டா போதும்" என்று அம்மா சில காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படகில் ஏறும் நிலையில் அவர் இல்லை. கரையிலிருந்தாவது காட்டலாம் என்று புறப்பட்டோம். அவர் பெட்டியில் பித்தளைச் சொம்பு ஒன்று இருந்ததை நான் கண்டுகொள்ளாதது போல் இருந்துவிட்டேன்.

நெடுஞ்சாலையில் ஒரு குறையுமில்லை. ஓய்விடங்களில் லாரிகளுக்கென்று நீளமான இடங்கள் உண்டு. அவற்றின் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம். குனோங் செமாங்கோலில் நிறுத்தி, நானே அடுப்பில் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அம்மா சிறுபிள்ளை போல ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தார்.

சிக்கல் பாலத்தில் தொடங்கியது. முன்பு பெரியில் காரோடு ஏறிக் கடக்கலாம். 2020-ன் இறுதியோடு நான்கு சக்கர வண்டிகளைப் பெரியில் ஏற்றுவது நின்றுவிட்டது. இப்போது இரண்டு பாலங்களே வழி. 1985-ல் திறந்த பழைய பாலத்தில் போனோம். நடுப்பாலத்தில் இடப்பக்க ஜன்னலில் ஜெரெஜாக் பச்சை மேடாகத் தெரிந்தது. அம்மாவோ வலப்பக்க இருக்கையில், இடுப்பில் வார் போட்டு உட்கார்ந்திருந்தார். "அதோ, அதோ" என்று நான் கத்தினேன். ஓடும் வண்டியில் எழுந்து நடக்க முடியுமா? பாலத்தில் நிறுத்தத்தான் முடியுமா? அவர் கழுத்தைத் திருப்புவதற்குள் கரை வந்துவிட்டது.

"பரவாயில்ல, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

குவீன் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. அதைச் சுற்றிய தெருக்கள் அதற்கும் முந்தியவை. 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பின், மாட்டு வண்டியும் கைவண்டியும் போவதற்காக உண்டான தெருக்கள். பெரும்பாலும் ஒருவழி. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் நாலு தெரு சுற்ற வேண்டும். எங்கள் வண்டி 6 மீட்டர் நீளம், ஏறத்தாழ 3 மீட்டர் உயரம். சாலையோரக் கட்டங்களோ சாதாரணக் கார்களுக்குப் போட்டவை. தப்பித்தவறி ஒன்று காலியாக இருந்து, என் கணவர் சிரமப்பட்டு நுழைத்தாலும், வால் ஒரு முழத்துக்கு மேல் வெளியே நின்றது. மாடிக் கார்நிறுத்தங்களின் வாசலில் 2.1 மீட்டர் என்று எழுதிய குறுக்குக் கம்பி தொங்கியது. அதற்குள் நுழைந்தால் கூரை வெளியே நிற்கும், நாங்கள் உள்ளே இருப்போம்.

மூன்று சுற்று சுற்றினோம். மூன்றாவது சுற்றில் அம்மாவை இறக்கிவிடலாம் என்று கோயில் அருகே அரை நிமிடம் நின்றோம். பின்னால் சாமான் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. சீருடைக்காரர் ஒருவர் வந்து, மரியாதையாகத்தான், இங்கே நிற்கக்கூடாது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரர்கள் அஞ்சடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மா உள்ளேயிருந்தே ஜன்னலில் கைகூப்பினார். "கோபுரம் தெரியுது மாப்பிள்ளை, போதும். நீங்க எடுங்க" என்றார். என் கணவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நகரை விட்டுத் தெற்கே, கடலோர விரைவுச்சாலையில் இறங்கினோம். கட்டடங்களின் இடையே ஜெரெஜாக் தெரிந்தும் மறைந்தும் வந்தது. சாலையின் ஓரப்பகுதி பழுதான வண்டிகளுக்கு மட்டும். குவீன்ஸ்பே பேரங்காடிக்குப் பின்னால் கடலை ஒட்டியே ஒரு தெரு இருக்கிறது. தீவு நேர் எதிரே, கூப்பிடு தூரம் போல. ஆனால் அது பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை மாலை. கார்கள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நின்றன. இரண்டு முறை ஊர்ந்து போனதுதான் மிச்சம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

பினாங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. தீவு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் நடுப்பகுதி முழுக்க மலை. தட்டையான நிலம் பெரும்பாலும் கரையோரப் பட்டைதான். அந்தப் பட்டையில்தான் துறைமுகம், நகரம், தொழிற்சாலைகள், ஹோட்டல்கள், வீடுகள் எல்லாம். உள்ளூர்க்காரர்களே தங்கள் காருக்கு இடம் தேடி அலையும் ஊருக்கு, நாங்கள் வீட்டையே கொண்டுபோயிருந்தோம்.

இரவு எங்கே? வாடகைக்கு விட்டவர், "எங்கே வேணும்னாலும் நிறுத்தித் தூங்கலாம், அதுதான் இதோட சுகமே" என்று சொல்லியிருந்தார். தீவுக்குள் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றுகூடக் கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வடகரையில் பாத்து பெரிங்கி சாலை பாம்பு போல் வளைந்து போகிறது. ஒருபக்கம் மலை, மறுபக்கம் ஹோட்டல் சுவர். இருட்டியதும் சாலையோரத்தில் இரவுக் கடைகள் வந்துவிட்டன. நான்கு இடங்களில் கேட்டோம், நான்கிலும் இல்லை. கடைசியில் தெலுக் பஹாங் மீனவர் குடியிருப்பில், சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு மலாய் அம்மையார், தம் வீட்டு முற்றத்தைக் காட்டினார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. என் அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார்.

நிறுத்தியதோடு வேலை முடியாது. தரை சமமாக இல்லாவிட்டால் படுத்தவர் ஒருபக்கமாக உருண்டுவிடுவார். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துச் சமப்படுத்தினோம். குளிர்சாதனம் ஓட வெளி மின்சாரம் வேண்டும். அந்த அம்மையார் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு வயரை நீட்டினார், காற்றாடிக்கு ஆயிற்று. கழிவறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அதை இழுத்துக்கொண்டுபோய் வேறொரு கழிவறையில் கொட்டிக் கழுவ வேண்டும். வீட்டு வண்டி விளம்பரங்களில் இந்தப் படத்தை ஏனோ போடுவதில்லை. அனுமதி கேட்டு என் கணவர் செய்தார். அந்த நேரத்தில் அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. வண்டியை முற்றத்திலேயே விட்டுவிட்டு, கைப்பேசியில் வாடகைக் கார் பிடித்துத் தண்ணீர்மலைக்குப் போனோம். முதல் நாளே இந்தப் புத்தி வந்திருக்க வேண்டும். மலைமேல் முருகனைப் பார்க்க 513 படி. அம்மா அடிவாரத்திலேயே கும்பிட்டார். மேலே போய் வந்த என் மகன் பாட்டி நெற்றியில் திருநீறு பூசினான். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் காலையில் நான் வைத்த டம்ளர் தண்ணீர் அப்படியே இருந்ததைத் திரும்பி வந்துதான் கவனித்தேன். மதியம் கொடுத்ததையும் உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஏம்மா குடிக்கல?"

"தாகமில்ல."

பினாங்கு வெயிலில், சர்க்கரை நோயாளிக்குத் தாகமில்லையாம். நான் விடவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னார்: "மாப்பிள்ளை அதைத் தூக்கிட்டுப் போறாரு. பார்த்துட்டு என்னால எப்படிடி குடிக்க முடியும்?"

அவருக்குச் சிரமம் வரக்கூடாது என்று எடுத்த வண்டி அது. என் கணவரிடம் சொன்னேன். அவர் அம்மாவிடம் போய், "அத்தை, ரெண்டு பிள்ளைங்களுக்கும் நாந்தான் கழுவிவிட்டேன். இது எனக்குப் பெரிய காரியமா?" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. இரவு கஞ்சியில் கூடுதலாக நீர் விட்டுக் கொடுத்து ஒருவாறு சமாளித்தேன்.

திங்கட்கிழமை விடிகாலை 5 மணிக்கே கிளம்பினோம். இந்த யோசனை அந்த மலாய் அம்மையாருடையது. "கூட்டம் வர்றதுக்கு முந்தி போங்க" என்று சொல்லி, வழிக்கு நாலு பொட்டலம் நாசி லெமாக்கும் கொடுத்தனுப்பினார். பாத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, ஜார்ஜ்டவுன் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. மூன்று நாளில் என் கணவர் ஹாரன் சத்தம் கேட்காமல் ஓட்டியது அந்த ஒரு மணி நேரம்தான். குவீன்ஸ்பே கடலோரத் தெருவில் தூண்டில்காரர்கள் மூன்று பேர், ஒரு மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். மூன்று கார் நிற்கும் நீளத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. நடைபாதை ஓரமாக, அம்மாவின் ஜன்னல் கடலைப் பார்க்கும்படி, அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

எதிரே ஜெரெஜாக் கறுப்பாக இருந்தது. ஏழு மணிக்கு மேல், அதன் பின்னாலிருந்து வெளுத்து, முதலில் மலை விளிம்பும், பிறகு மரங்களும் தெரிந்தன. அம்மா வெகுநேரம் பேசாமல் பார்த்தார். "இவ்வளவு பக்கமாவா இருக்கு?" என்றார்.

பிறகு பெட்டியிலிருந்து சொம்பை எடுத்தார். முதல் நாள் கடையில் வாங்கிய பால் குளிர்ப்பெட்டியில் இருந்தது. என் கணவர் ஒரு கையும் என் மகன் ஒரு கையும் பிடித்துக் கற்சுவர் வரை நடத்திப் போனார்கள். குனிய முடியாததால் நின்றபடியே ஊற்றினார். கொஞ்சம் சுவரில் வழிந்தது, மீதி கடலுக்குப் போனது. "பேரு என்னன்னு ஆத்தா சொன்னதே இல்ல" என்றார். தூண்டில்காரர்களில் வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும், "தண்ணி குடுடி" என்றார். இரண்டு டம்ளர் குடித்தார்.